மந்தாரை இலைப் பொட்டலம்

கித்தேரியைக் குரு என்று யாரும் உட்கார்த்தி வைக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்ததெல்லாம் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால்தான். திருப்பூருக்கு வெளியே ஒரு பனியன் கம்பெனி, அதில் மூன்றாவது லைன், ஜன்னலோர மெஷின். பதினெட்டு வயதில் வந்து உட்கார்ந்தவள், ஒன்பது வருஷமாக அதே இடம்.

நானூறு பேர் வேலை செய்யும் அந்தக் கம்பெனியில் வேதக்காரப் பெண்கள் மூன்றே பேர். கித்தேரி, பாக்கிங்கில் இருக்கும் லூர்து, நான்கு மாதத்துக்கு முன் திண்டுக்கல் பக்கமிருந்து வந்து சேர்ந்த விண்ணரசி. மாதா கோயில் ரொம்ப தூரம். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். நடுவில் மனசுக்குள் ஏதாவது உறுத்தினால் மற்ற இரண்டு பேரும் கித்தேரியிடம்தான் போவார்கள்.

கேட்டால் நேராகப் பதில் வராது. "இந்தா, இந்த நூலைப் பிடி" என்பாள். பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவள் பாட்டுக்குக் கோத்துக்கொண்டிருப்பாள். கேட்டவள் சலித்துப்போய்த் திரும்பும்போது ஒரு வார்த்தை சொல்வாள். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டலாம்.

பக்கத்து மெஷின் சுலோச்சனா இதையெல்லாம் பார்த்துத்தான் அவளுக்குக் குருவம்மா என்று பேர் வைத்தாள். விண்ணரசி வந்த பிறகு, "ஏனுங் குருவம்மா, உங்க சிஷ்யப்புள்ள தேடுது" என்று லைன் முழுக்கக் கேட்கிறாற்போலச் சொல்வாள்.

இதில் ஒரு வேடிக்கை. சிஷ்யப்பிள்ளை குருவைவிட ஒரு வயசு மூத்தவள். ஆனாலும் முதல் நாளே வாயில் அக்கா என்று வந்துவிட்டது. அதை மாற்ற இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

விண்ணரசி அந்தக் கம்பெனியைத் தேடி வந்ததற்கு ஒரே காரணம், கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழந்தைகள் அறை. அவளுக்கு ஒன்பது மாதத்தில் தெரேஸ் என்று ஒரு பெண் குழந்தை. புருஷன் சேசுராசுக்குச் சாயப்பட்டறையில் வேலை. ஊரில் இருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. காலை எட்டரைக்குக் குழந்தையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனால், ஆறு மணிக்குத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நடுவில் இரண்டு தடவை பால் கொடுக்க விடுவார்கள். அந்த அறை இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் இந்த ஊரே இல்லை.

அந்த அறைக்கு ராணி நாச்சாத்தா. கம்பெனியில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் ஆத்தா. பதினோரு குழந்தைகளை ஒற்றை ஆளாக மேய்ப்பாள். சாயங்காலம் தெரேஸைக் கையில் கொடுக்கும்போது அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பிப்பாள்.

"இன்னிக்கு மூணு தடவ சிரிச்சா அம்மிணி. ஒருக்கா என்னயப் பாத்து. ரெண்டு தடவ ஃபேனப் பாத்து."

"என்னத்துக்கு ஆத்தா ஃபேனைப் பாத்து?"

"அது அவளுக்கும் ஃபேனுக்கும் உள்ள சமாச்சாரம். நமக்கெதுக்கு?"

பகலெல்லாம் மெஷினுக்கு முன்னால் கல்லாக உட்கார்ந்திருக்கும் விண்ணரசி அந்த ஒரு நிமிஷத்தில்தான் பெண்ணாக ஆவாள்.

ஆயுத பூசை வந்தது.

முதல் நாள் மத்தியானமே வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் அவரவர் மெஷினைத் துடைத்தார்கள். கித்தேரி தன் மெஷினைத் துடைத்துவிட்டு, சுலோச்சனாவின் மெஷினுக்கு அடியில் படுத்து, ஒரு வருஷத்துப் பஞ்சையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டி எடுத்தாள். பிறகு அடுத்த மெஷின். ஒன்பது வருஷமாக இப்படித்தான். மறுநாள் பூசை நேரத்தில் அவள் லைனில் இருக்க மாட்டாள். குழந்தைகள் அறைக்குப் போய்ப் பதினோரு பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டு, "போய்ட்டு வாங்க ஆத்தா" என்று நாச்சாத்தாவை அனுப்பி வைப்பாள். அந்த அரைமணி நேரத்துக்காக நாச்சாத்தா வருஷம் பூராவும் அவளை மெச்சிக்கொண்டிருப்பாள்.

விண்ணரசியும் கூடப் போகத்தான் நினைத்தாள். சூப்பர்வைசர் செங்கோடன் விடவில்லை.

"புதுசா வந்தவங்க மெஷின்கிட்ட நிக்கோணும். மொதலாளி வருவாரு."

நின்றாள். சந்தனக் கிண்ணத்தோடு சுலோச்சனா வரிசையாக வந்தாள். ஒவ்வொரு மெஷினுக்கும் மூன்று விரல் பட்டை, நடுவில் குங்குமம். விண்ணரசியின் மெஷினுக்கு வந்ததும் கிண்ணத்தை நீட்டினாள்.

"வேண்டாங்க" என்றாள் விண்ணரசி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஓ! நீயும் அல்லேலூயாவா?"

"நாங்க ஆர்சிங்க."

அல்லேலூயாக்காரர்கள் வேறு, கத்தோலிக்கர் வேறு என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எப்படித்தான் நினைத்தாளோ. லைனே சிரித்தது.

"ஆர்சியோ கீர்சியோ, ஊசி ஒடஞ்சா எங்ககிட்ட வராதே" என்று சொல்லிவிட்டுச் சுலோச்சனா அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள்.

கற்பூரம் காட்டி முடிந்தது. நாச்சாத்தா ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கோடு வந்தாள். வருஷா வருஷம் கொண்டைக்கடலைச் சுண்டல் அவள் கைவேலைதான். கிழித்த காகிதத்தில் ஆளுக்கு ஒரு கரண்டி வைத்துக்கொண்டே வந்தவள், விண்ணரசி பக்கத்தில் நின்று, தோள் பையில் இருந்து ஒரு மந்தாரை இலைப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"தின்னு அம்மிணி. பால் குடுக்கற ஒடம்பு."

பதில் வருவதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

பொட்டலம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கான்வென்டில் படிக்கும்போது பெலாஜியா சிஸ்டர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னது காதில் அப்படியே கேட்டது. சிலைக்குப் படைத்ததை நம்ம பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது. அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடலாம். யாரிடம்? காலையில் இருந்து சாயங்காலம்வரை தன் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவளிடமா? அவள் முகம் மாறினால்?

தின்னவும் பயம். வேண்டாம் என்று சொல்லவும் பயம். நாலாபக்கமும் பார்த்தாள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தோன்றியதும், மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த வேஸ்ட் துணி மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியில் பொட்டலத்தை வைத்து, மேலே துண்டுத் துணிகளை அள்ளி மூடினாள்.

லீவு விடுவதற்கு முன்னால் மூட்டைகளையெல்லாம் வாசலில் கொட்டிக் கட்டுவார்கள் என்பது நான்கு மாதத்துக்காரிக்குத் தெரியாது.

மூன்றாவது லைன் மூட்டையைக் கவிழ்த்ததும் துணிக்கு நடுவே பொட்டலம் விழுந்து பிரிந்தது. கடலையும் தேங்காய்த் துருவலும் ஒரு வெல்லக் கட்டியும் மண்ணில் உருண்டன.

"அட, இதென்ன கண்றாவி?" என்றாள் சுலோச்சனா. "ஆருடையது இது?"

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அலசிய குழந்தைத் துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நாச்சாத்தா வாசலில் நின்றிருந்தாள். அவளே கட்டிய கட்டு. குனிந்து இலையை எடுத்தாள். கடலையை ஒன்று ஒன்றாகப் பொறுக்கி அதில் வைத்தாள். வெல்லக் கட்டியில் ஒட்டியிருந்த மண்ணை ஊதினாள். மடித்துக்கொண்டு உள்ளே போனாள். விண்ணரசியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தெரேஸ் கைமாறினாள். அவ்வளவுதான். ஃபேனும் இல்லை, சிரிப்பும் இல்லை.

லீவு முடிந்து கம்பெனி திறந்தது. நாச்சாத்தா குழந்தையை வாங்கினாள், கொடுத்தாள். வாயைத் திறக்கவில்லை. அவள் திறக்காத வாயை மற்றவர்கள் திறந்தார்கள்.

"எங்க கடலை உங்க சாமிக்கு ஆவாதா?"

"வேண்டாம்னா சொல்லோணும். குப்பைல போடறதுக்கா ஆத்தா ஆக்குச்சு?"

புதன்கிழமை விண்ணரசியின் ஊசி உடைந்தது. பனியன் கம்பெனியில் ஊசி உடையாத நாளே கிடையாது. ஆனாலும் சுலோச்சனா எழுந்து நின்று கையைத் தட்டினாள்.

"நாஞ் சொன்னனா இல்லியா?"

அதையெல்லாம் விண்ணரசி தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறே. குழந்தைகள் அறைப் பக்கமிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டால் போதும், கால் தானாக எழுந்து ஓடியது. தண்ணீர் குடிக்கப் போகிறாற்போலப் போய் எட்டிப் பார்த்தாள். பாத்ரூம் போகிறாற்போலப் போய் எட்டிப் பார்த்தாள். அவள் மெஷினுக்கு முன்னால் பண்டல் பண்டலாகத் துணி தேங்கியது.

வெள்ளிக்கிழமை செங்கோடன் வந்து நின்றான்.

"அம்மிணி, ஒரு மணி நேரத்துக்கு நாப்பது பீஸ் கொறையுது. உனக்குப் பொறகால இருக்கறவங்க கையக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க. திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளப் போட்டுருவேன். எம்மேல வருத்தப்படாதே."

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் விண்ணரசி டப்பாவைத் திறக்காமல் கித்தேரியின் மெஷினுக்குப் போனாள்.

"அக்கா."

"இந்தா, இதைப் பிடி" என்று கித்தேரி நூல் நுனியை நீட்டினாள்.

"நூலெல்லாம் பிடிக்க முடியாதுக்கா. எனக்கு நெஞ்செல்லாம் அடைக்குது."

கித்தேரி நூலை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள்.

"எதுக்கு?"

"ஆத்தா என் பிள்ளையை ஒழுங்கா பாக்குமா? கோவத்துல ஏதாவது செஞ்சிட்டா? பசிக்கு அழுதா அழட்டும்னு விட்டுட்டா?"

கித்தேரி எழுந்தாள். "வா."

வாசல் வழியாகப் போகவில்லை. நூல் பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து, கடைசிச் சுவருக்குப் போனார்கள். அங்கே குழந்தைகள் அறைக்கும் ஸ்டோருக்கும் பொதுவாக, காற்றுக்காக ஓட்டை ஓட்டையாக வைத்துக் கட்டிய ஒரு ஜாலி. இந்தப் பக்கம் இருட்டு, அந்தப் பக்கம் வெளிச்சம். இங்கிருந்து பார்ப்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது.

தெரேஸ் நாச்சாத்தாவின் மடியில் இருந்தாள். ராகிக் கஞ்சிக் கிண்ணம் பக்கத்தில். நாச்சாத்தா ஒரு ஸ்பூன் எடுத்தாள். ஊதினாள். தன் உதட்டில் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது போலிருக்கிறது, இன்னும் இரண்டு தடவை ஊதினாள். பிறகு குழந்தை வாயில் வைத்தாள். தெரேஸ் பாதியைத் துப்பினாள். நாச்சாத்தா முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த ஸ்பூன் எடுத்தாள். ஊதினாள்.

ஏழெட்டு ஸ்பூன்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கோவம் போயிருச்சா ஆத்தாவுக்கு?"

"இல்லக்கா. முகம் உர்ருன்னுதான் இருக்கு."

"ம்" என்றாள் கித்தேரி. "கஞ்சியை ஊதித்தான் குடுக்குது."

திரும்பி வந்து டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். விண்ணரசியும் சாப்பிட்டாள். அந்த வாரத்தில் அவள் சாப்பிட்ட முதல் முழுச் சாப்பாடு அதுதான். மத்தியானத்துக்குமேல் அவள் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. பண்டல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

ஆனால் பயம் போன இடம் காலியாக இருக்குமா? அதில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. டீ நேரத்தில் மறுபடியும் போனாள்.

"அக்கா, நான் ஒண்ணு யோசிச்சேன். திங்கக்கிழமையில இருந்து நானும் குங்குமம் வெச்சுக்கிட்டு வந்துர்றேன். மெஷினுக்கும் வெச்சுர்றேன். நம்ம உள்ளுக்குள்ள யாரைக் கும்பிடுறோம்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"வெச்சுக்க" என்றாள் கித்தேரி. "ஆத்தாவோட கோவம் போயிருமா?"

விண்ணரசி யோசித்தாள். "போகாது."

டீயில் ஒரு வாய் குடித்தாள்.

"அப்ப இன்னொண்ணு. கழுத்துல இருக்கிற சிலுவைச் சங்கிலியை வெளிய எடுத்துப் போட்டுக்குறேன். எல்லாரும் பாக்கட்டும். சுலோச்சனா ஏதாவது சொன்னா, ஆமா நான் அப்படித்தான்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிர்றேன். பயப்படக் கூடாதுல்லக்கா?"

"போட்டுக்க" என்றாள் கித்தேரி. "ஆத்தாவோட கோவம் போயிருமா?"

பக்கத்தில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்த சுலோச்சனா, "சிஷ்யப்புள்ளக்கு இன்னிக்குப் பாடம் ஏறல போலிருக்குதுங் குருவம்மா" என்றாள்.

"உனக்கு ஏறிருச்சா?"

"எனக்கெதுக்கு? எம்மெஷினத் தொடச்சுக் குடுத்தாப் போதும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். விண்ணரசிக்குச் சிரிப்பு வரவில்லை. சுலோச்சனா எழுந்து போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"ஆத்தாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லு."

"எங்க வேதத்துல படைச்சதைத் திங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, அதனாலதான்னு சொல்லவா?"

"அதனாலதான் மூட்டைக்குள்ள போட்டியா?"

விண்ணரசி டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் தூள் படிந்திருந்தது. கிளாஸைச் சாய்த்துச் சாய்த்துத் தூளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டாள்.

"இல்ல" என்றாள்.

மணி அடித்தது.

சாயங்காலம் மற்ற தாய்மார்கள் எல்லாம் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போகும்வரை அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். வர நேரமாகும் என்று சேசுராசிடம் சொல்லியாகிவிட்டது. கடைசிக் குழந்தையும் போனது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

நாச்சாத்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தெரேஸ் பாயில் கவிழ்ந்து ஒரு காலி நூல்கண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினாள். விண்ணரசி அவளைத் தூக்கவில்லை. நாச்சாத்தாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு துணியை எடுத்து அவளும் மடித்தாள்.

"ஆத்தா."

நாச்சாத்தா அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"அன்னிக்கு நான் உங்க சுண்டலை மூட்டையில போட்டுட்டேன்."

"அதுதான் ஊரே பாத்துச்சே."

"எதுக்குப் போட்டேன்னு சொல்லட்டுமா?"

"உங்க சாமி வேண்டாம்னிருக்கும்."

"திங்க வேண்டாம்னுதான் சொல்லியிருக்கு ஆத்தா. ஒளிச்சு வெக்கச் சொல்லல. அது நான் பண்ணினது." விண்ணரசி மடித்த துணியைக் கீழே வைத்தாள். "பயந்துட்டேன். நீங்க குடுத்ததை வேண்டாம்னு சொன்னா, அந்தக் கோவத்துல நீங்க பாப்பாவைச் சரியா பாக்க மாட்டீங்கன்னு நினைச்சுட்டேன்."

நாச்சாத்தாவின் கை நின்றது.

"என்ன சொன்னே?"

விண்ணரசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானா? கொழந்தைய வெச்சா வஞ்சம் தீப்பேன்? என்னயப் பாத்தா அப்பிடியா தெரியுது?"

"தெரியல ஆத்தா. ஆனா நினைச்சுட்டேன்."

"அட சாமி! சுண்டலக் குப்பைல பாத்தன்னைக்குக்கூட எனக்கு இவ்வளவு வலிக்கலியே."

தெரேஸ் மட்டும் நூல்கண்டோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நாச்சாத்தா மூக்கை உறிஞ்சினாள். மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"அப்ப இனிமேட்டு? அடுத்த வருசம் குடுத்தாத் திம்பியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் இந்த நிமிஷமே முடிந்துவிடும். அவ்வளவு சின்ன வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"படைச்சதைத் திங்க மாட்டேன் ஆத்தா. ஆனா ஒளிக்கவும் மாட்டேன். உங்க முகத்தைப் பாத்துச் சொல்லிருவேன். நீங்க திட்டினா வாங்கிக்குவேன்."

நாச்சாத்தா அவளையே பார்த்தாள். கறுத்த முகத்தில் ஏதோ அசைந்தது. முதலில் கன்னம், பிறகு வாய், பிறகு தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாளோ என்று விண்ணரசி பயந்துபோனாள். அழவில்லை.

"பைத்தியக்காரி! அது படைக்காதது!"

"என்ன ஆத்தா?"

"படைக்காததுங்கறேன். ஒம்போது வருசத்துக்கு முன்னால கித்தேரி இங்க வந்த புதுசுல, இதே எடத்துல உக்காந்து சொன்னா. ஆத்தா, உங்க கைச் சுண்டல்னா எனக்கு உசுரு, சாமிக்குக் கொண்டுபோறக்கு முன்னாடி எனக்கு ஒரு கை எடுத்து வெச்சிருங்க, அப்பத்தான் நாந் திங்க முடியும்னா. அன்னைலருந்து தாளிச்சு எறக்குனதும் மொதக் கை உங்க ஆளுகளுக்குத்தான். எலைல கட்டித் தனியா வெச்சுப்போட்டுத்தான் சாமிக்கே எடுப்பேன். கித்தேரிக்கு ஒண்ணு, லூர்துக்கு ஒண்ணு, இந்த வருசம் உனக்கு ஒண்ணு. பால் குடுக்கறவளாச்சேன்னு வெல்லம் வேற. எங்க மருமவ கேக்கறா, சாமிக்கு முன்னாடி ஆருக்கத்தே பந்தின்னு!"

விண்ணரசிக்குக் கண்ணில் இருந்து கொட்டுவதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அழுவாதே. புள்ள பாக்குது" என்று நாச்சாத்தா மடித்து வைத்த துணியில் ஒன்றை எடுத்து அவள் முகத்தில் எறிந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ தெரிஞ்சுக்கோணும்னு ஒண்ணு இருக்குது. சொல்லாம வெச்சிருந்து எனக்குத்தான் வவுறு ஊதிப்போச்சு. முந்தாநேத்து இவ தொட்டில் கம்பியப் புடிச்சுட்டு எந்திரிச்சு நின்னா. ஒத்தையா. நான் கையே வெக்கல. நின்னுபோட்டு என்னயப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரு! ஓடி வந்து உன்னயக் கூப்படலாம்னு வாசல் வரைக்கும் வந்துட்டேன். அப்புறந்தான் நாங் கோவமா இருக்கறது நெனப்பு வந்துச்சு. திரும்பிப் போய்ட்டேன்."

விண்ணரசி குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் வந்து பூட்டை ஆட்டிக் காட்டிய பிறகுதான் எழுந்தார்கள்.

மறுநாள் காலை, முதல் மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. கித்தேரி வந்து மெஷினுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். விண்ணரசி விறுவிறுவென்று நடந்து வந்தாள்.

"சிஷ்யப்புள்ளக்கு இன்னிக்கு வேகம் ஜாஸ்தி" என்றாள் சுலோச்சனா. "ஏ அல்லேலூயா, ஆத்தாகிட்ட ராசி ஆயிட்டியாமா? கேட்டுல பேசிக்கறாங்க."

"ஆயிட்டேங்க."

"ஆனாலும் ஒரு பொட்டலஞ் சுண்டல் வீணாப் போச்சு" என்று முணுமுணுத்துவிட்டு அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

விண்ணரசி கித்தேரியின் பக்கத்தில் நின்றாள். கேட்காமலே நூல் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு முதல்லயே தெரியும்."

"எது?"

"அது படைக்காததுன்னு. நீங்க கேட்டுத்தானே ஆத்தா தனியா எடுத்து வெக்கிறாங்க. ஒரு வாரம் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"அன்னிக்கே ஓடிப்போய் ஆத்தா கால்ல விழுந்திருப்பேன்."

"எதுக்கு?"

"படைக்காததைப் போய்க் கொட்டிட்டேனேன்னு."

கித்தேரி நூலைப் பல்லால் கடித்து நுனியை நேராக்கினாள்.

"படைச்சதா இருந்தா?"

விண்ணரசி யோசித்துவிட்டு, உள்ளது உள்ளபடியே சொன்னாள்.

"கொட்டினது சரிதான்னு இருந்திருப்பேன்."

ஊசிக் காதில் நூல் ஏறியது. கித்தேரி அதை மறுபக்கம் இழுத்துக்கொண்டே கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் ஆத்தா முன்னால போய் உக்காந்தப்ப, அது படைச்சதா படைக்காததா, எதுன்னு நினைச்சுக்கிட்டுப் போனே?"

மணி அடித்தது. "படைச்சதுன்னுதான்" என்றாள் விண்ணரசி, நூல் நுனியை விடாமல்.